கிரிக்கட் பார்த்துக் கெட்டுப்போன லெப்டொப்

அன்பு மகன் ரிஸ்கானுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் வாப்பாவும் நானும் தங்கச்சி ஸனாவும் இங்கு சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் வாப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்காருவார், இது அவர் காதுக்குப் போகக்கூடாத விஷயம், அதனால்தான் கட்டார் வரும் தாஸிம் மாமாவிடம் மிளகுப் பொதியோடு கொடுத்தனுப்புகிறேன்.

நீ வாங்கித் தந்த லெப்டொப் போன மாதம் குழப்படி செய்யத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு படம் அப்படியே உறைந்து நிற்கும், அணைத்துப் போட்டால் வட்டம் மட்டும் சுற்றும், வேறொன்றும் வராது. ஸனாவுக்கு வியாழக்கிழமை கொழும்புக் கொம்பனி ஒன்றின் நேர்முகப் பரீட்சை அதில்தான், பிள்ளை அழாத குறை. வாப்பா பொத்தானை அமுக்கிப் பிடித்து முப்பது வரை எண்ணினார், வயரைக் கழற்றிப் பூட்டினார், பிஸ்மி சொல்லித் தட்டியும் பார்த்தார். ஹந்தானை மலைக் கூதல் உள்ளே ஏறிக் குளிர்ந்திருக்கும் என்று நான் இன்னும் நன்றாகப் போர்த்தினேன். போர்த்தியது நான் தைத்த மெரூன் வெல்வெட் உறையால். டீவிக்கும் பிரிட்ஜுக்கும் உறை போட்ட வீட்டில் அது மட்டும் உடுப்பில்லாமல் இருக்குமா, திரைச்சீலையில் மிஞ்சிய துணிக்குச் சுருக்கு வைத்து, அடியில் பஞ்சு வைத்து, வயர் போக ஓட்டையும் விட்டிருந்தேன், வேலை செய்யும்போதும் கழற்றத் தேவையில்லை. ஆகவே ராப்பகலாகக் கிரிக்கட் பார்த்தே சூடாக்கிப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று வாப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு கொட்டும் மழையில் பஸ் ஏறித் திகனயில் மர்சூக்கின் ரிப்பேர் கடைக்குப் போனார். பின்னேரம் அஸர் தொழுகைக்குத் திரும்பினார், போட்டதும் எழும்பியது. என்ன பிழையாம் என்றேன். கிரிக்கட் பார்த்தது கூடிட்டாம் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். நான் விடுவேனா, பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை ஏசிவிட்டு இனி அதைத் தொடக்கூடாது என்று சட்டமும் போட்டேன். அவரும் சரி என்று கண்ணாடி வெடித்த சின்னப் போனில் மூக்கை முட்டிக்கொண்டு மெச் பார்த்தார். வியாழக்கிழமை காலை உறையைக் காணவில்லை, பிறகு வாப்பாவின் தலையணைக்கடியில் கிடந்தது, அதற்கும் ஏசிவிட்டுப் பரீட்சை முடிந்ததும் திரும்பப் போர்த்தினேன். ஸனாவுக்கு வேலை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

சனிக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் மர்சூக்கின் மனைவி பஸீஹா ஒரே சஹன் தட்டில் சாப்பிட என் பக்கத்தில் உட்கார்ந்தாள். லெப்டொப்புக்குள்ள சுத்திற பேனுக்குள்ள ஒரு பிடி மெரூன் நூலும் பஞ்சும் ஈந்திச்சாம், காத்துப் போக வழியில்லாமத்தான் சூடேறீக்கிது, பொஞ்சாதி ஆசப்பட்டுத் தச்சது, வீட்டில கேட்டா கிரிக்கட் எண்டு செல்லுங்க எண்டாராம் ஒங்கட மனுசன் என்று சிரித்தாள். வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை, வட்டிலப்பம் மட்டும் இரண்டு துண்டு இறங்கியது. முப்பத்திரண்டு வருடத்தில் அந்த மனுசன் எனக்குச் சொன்ன பொய் இது ஒன்றுதான், அதையும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சொன்னதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றி, லெப்டொப்பை அவர் முன்னால் மேசையில் வைத்து மெச் பாருங்க என்றேன். அதுட வெல்வெட் சட்ட எங்க என்றார். கழுவிப் போட்டீக்கிறன் என்றேன். நல்லாக் காயட்டும், கண்டி மழைக்கு ரெண்டு மூணு வருஷம் போகும் என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தைத் தந்து கண்ணுக்குக் குளிர்ச்சியாக உன்னை வைத்திருக்கட்டும். கிரிக்கட் பார்த்துக் கெடுத்துவிட்டேன் என்று வாப்பா போனில் சொன்னால் நீயும் நம்பியதுபோல் கேட்டுக்கொள். மற்றது, பெருநாளுக்கு உன் லெப்டொப்புக்குத் தைத்து அனுப்பிய பச்சை உறையை இன்றே கழற்றிவிடு.

இப்படிக்கு,
உன் உம்மா
சித்தி றலியா