பிரீசரில் இருக்கும் கொட்டியாரச் சேறு

கிண்ணியா

அன்பு மகள் அம்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், ஆனால் போன வெள்ளிக்கிழமை வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தேன், கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. வெளிச்சம் சரியில்லை என்று சமாளிக்காதே, பெற்றவளுக்குத் தெரியாததா. இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் கதைத்தால் நீ அழுவாய், நீ அழுதால் வாப்பா பக்கத்திலிருந்து எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்பார், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். சுஹைரா மாமியின் மகன் அர்ஷாக் படிப்புக்காக நோர்வே வருகிறான் அல்லவா, அவன் கையில் இதையும் மிளகாய்த்தூளையும் கொடுத்துவிடுகிறேன்.

நீ வாப்பாவுக்கு மட்டும் அனுப்பிய செய்தி எனக்குத் தெரியும். உன் பேராசிரியர் நம்முடைய கொட்டியாரக் குடாவை விட்டுவிட்டு அங்கேயுள்ள கடலின் சேற்றையே ஆராயச் சொல்கிறார், அது சுலபமாம். நீயும் களைத்துப்போய்ச் சரி என்றுவிட்டாயாம். குடாவில் எடுத்துப் பிரீசரில் வைத்த சேற்றுக் குழாய்களைக் கொட்டிவிடுங்கள், பெருநாள் வருகிறது, உம்மாவுக்கு இறைச்சி வைக்க இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். என் பிரீசரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வாப்பாவோ மகள் சொல்லைத் தட்டாதவர். நான் ஜெஸ்மின் ராத்தா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, மூன்று குழாயில் ஒன்றை உருகவிட்டு, சேற்றை முருங்கை மரத்தடியில் கொட்டி, குழாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டார். கேட்டால், “நல்ல குழாய், வீசினா வீண்தானே. குர்பான் இறைச்சி வைக்கிற இடத்தில சேறு கிடக்கலாமா?” என்கிறார். நான் போட்ட சத்தத்தில் மனுசன் அன்று அஸர் தொழப் போனவர் இஷா முடிந்துதான் வீடு வந்தார். போனது நீ சிவப்பு நாடா சுற்றிய மேல் குழாய், கிட்டடி வருடங்களில் படிந்த சேறு. மற்ற இரண்டும் கட்டியாக அப்படியே இருக்கின்றன. பெருநாளன்று சுஹைரா மாமி வழக்கம்போல் தன் பங்கு இறைச்சியை நம்முடைய பிரீசரில் வைக்க வந்தார். ஒரு துண்டும் போகாது என்று சொல்லிவிட்டேன். சேற்றுக்கு உள்ள மரியாதை தனக்கில்லையே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார், பிறகு ஆறி, இந்த முறைதான் இறைச்சி எல்லாம் அன்றைக்கே இல்லாதவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவரே சொன்னார்.

நான் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று கேட்பாய். ஜெஸ்மின் ராத்தாவின் சின்ன மகன் அகீலுக்கு மூச்சிழுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். களப்புக் கரையில் நாங்களே கொண்டுபோய்க் கொட்டுகிற குப்பைக்கு நாங்களே நெருப்பு வைக்கிறோம், புகை நேரே பள்ளிக்கூடத்துக்குள் போகிறது. அதை நிறுத்த வழி செய்யுங்கள் என்று பெண்கள் சேர்ந்து நகரசபைக் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், கதிரை போட்டு உட்காரவைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, “புகை எண்டைக்கும் இருந்ததுதானே உம்மா. முன்னம் எவ்வளவு, இப்ப எவ்வளவு எண்டு யாருக்குத் தெரியும்?” என்றார். எனக்கு நீ அந்தக் குழாய்களோடு வந்த நாள் நினைவு வந்தது. விறகோ வைக்கோலோ டீசலோ, எது எரிந்தாலும் அதன் கரி காற்றிலும் மழையிலும் கடலுக்குப் போய் அடியில் படியும், அது உக்காது, வருடத்துக்கு மேல் வருடமாக அடுக்கடுக்காகக் கிடக்கும் என்று குசினியில் நின்று எனக்குச் சொன்னாயே. அவர் யாருக்குத் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் என் பிரீசருக்குள் இருக்கிறது. எழுந்து நின்று, “அந்தக் கணக்கை என்ட மகள் கொண்டு வருவா” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, பெயர் கேட்டார். அம்ரா பாயிஸ் என்றேன்.

இன்னொன்றும் உண்டு, அதை நான் உன்னிடம் சொன்னதில்லை. மூதூரில் சண்டை வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது நான் ஒரு முறைதான் திரும்பிப் பார்த்தேன், புகை தவிர வேறொன்றும் தெரியவில்லை. பிறகு எல்லோரும் எரிந்தது எரிந்ததுதான், கதைத்து என்ன என்றார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். கரி உக்காது என்று நீ சொன்ன அன்றுதான், மூதூரில் எரிந்ததும் அந்தச் சேற்றில் கிடக்கும் என்று எனக்கு விளங்கியது மகள். நோர்வேக் கடலின் அடியில் நோர்வேக்காரர் எரித்தது கிடக்கும், அதைப் பார்க்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கொட்டியாரக் குடாவைப் பார்க்க நீதான் இருக்கிறாய். அதை நினைத்தால் எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, அதே அளவு பெருமையாகவும் இருக்கிறது. சேறு நமக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும் என்றில்லை. முன்பு இதைவிடப் புகை அதிகம் என்று சொன்னால், அதையும் நான் கந்தோருக்குப் போய்ச் சொல்வேன். தெரியாது என்று மட்டும் இனி யாரும் சொல்லக் கூடாது.

ஆகையால் களைப்பாக இருந்தால் ஒரு மாதம் படுத்துத் தூங்கு, பிறகு பேராசிரியரிடம் மரியாதையாக ஏலாது என்று சொல். சேறு எடுக்க உன்னைப் படகில் கூட்டிப்போன யோகலிங்கம் அண்ணனிடம் கதைத்துவிட்டேன். “புள்ளையை வரச் சொல்லுங்க, கடல் எங்கயும் போகாது” என்றார். மாரி தொடங்குமுன் வந்தால் மேல் சேற்றைத் திரும்ப எடுக்கலாம். வாப்பா அந்தக் கழுவிய குழாயைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார், பாவம், அவருக்கும் முகமில்லை. நீ அவரோடு கோபிக்காதே.

பஜ்ர் தொழுகையை விடாதே, காலையில் வெறும் கோப்பியோடு ஓடாதே, காதை மூடித் தொப்பி போடு. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக, எடுத்த காரியத்தை உன் கையாலேயே முடித்துவைப்பானாக. நான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

மறந்துவிடாதே, இனி வாப்பாவுக்குக் களவாகச் செய்தி அனுப்பிப் பயனில்லை. பிரீசரைப் பூட்டியாயிற்று, திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. நீ நேரில் வந்து கேட்டால் தருவேன்.

உன் உம்மா,
லைலா