தூதுவளைப் பொடி அனுப்பாததற்குக் காரணம்

ஓமலூர்
தாது வருஷம் கார்த்திகை 22

சிரஞ்சீவி செல்லமுத்துவுக்கு உன் அப்பன் சென்றாயன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாளும் மாரியாத்தாள் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்து நிம்மதியாக இருக்க விடாமல் உன் கடிதம் வந்து சேர்ந்தது. எப்போதும் தபால்கார ஐயாவிடம் சொல்லி எழுதுவிப்பேன், இந்தத் தடவை நானே எழுதுகிறேன், மூன்றாம் வகுப்புப் படிப்புதானே, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரித்துவிட்டாவது முழுசும் படி. இது பிறத்தியார் கையால் எழுதுகிற சேதி இல்லை.

தாது வருஷம் மறுபடி பிறக்கிறதே என்று சித்திரையில் ஊரே பயந்து கிடந்தது, அறுபது வருஷத்துக்கு முந்தின பஞ்சத்தை நினைத்துக்கொண்டு. அப்படி ஒன்றும் ஆகவில்லை, மழை மோசமில்லை, கேழ்வரகு அறுத்து வீடு வந்துவிட்டது, செவலை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அம்மாளுக்கு முழங்கால் வலி, உட்காரு என்றால் உட்காருகிற ஜென்மமா அது, வேலிக்குப் போய் முள்ளில் கை கிழிய தூதுவளை பறித்து வந்து நிழலில் உலர்த்திவிட்டாள், பழமும் இந்த வருஷம் செக்கச்செவேல் என்று நிறையக் காய்த்திருக்கிறது, அதையும் மோரில் ஊறப்போட்டு வற்றல் ஆக்கிவிட்டாள். எல்லாம் உனக்காகத்தான். நீ எழுதியிருந்தாயே, இரண்டு மாதமாக இருமல் விடவில்லை, மில்லில் பஞ்சுத் தூசி, சாயந்திரமானால் உடம்பு காய்கிறது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, மில் டாக்டரிடம் போனால் வேலையிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள், அதனால் அப்பாவின் தூதுவளைப் பொடி ஒரு மண்டலத்துக்கு அனுப்புங்கள் என்று. தபால்கார ஐயா அதைப் படித்துக் காட்டியபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, பம்பாய் வரைக்கும் எம்பையனுக்கு நம்மூட்டு மருந்துதான் வேணும் பாருங்க என்று அவரிடமே சொன்னாள். நான் மட்டும் எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டேன்.

செல்லமுத்து, பொடி நான் அனுப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், சொல்லி முடிக்கிற வரைக்கும் என் மேல் கோபப்படாதே, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

உன் அக்காள் ஆராயி போன தை மாதம் விஷக்காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள் என்று உனக்கு எழுதியிருந்தோம். அது பொய். நான் எழுதச் சொன்ன பொய். அவளுக்கும் உன்னைப்போல இருமல்தான், சாயந்திரக் காய்ச்சல்தான். மார்கழி பிறந்ததும் அப்பா கை மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று தாரமங்கலத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்தாள். நானும் வாம்மா வா என்று ஆரம்பித்துவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே, மணியக்காரர் வீட்டு அம்மாளின் இருமலை நிறுத்தினதிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாம் நம் வாசலில் வந்து நின்றார்கள், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. காலையில் தேனில் குழைத்த பொடி, மத்தியானம் நெய்யில் வதக்கிய இலை, புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, நாற்பத்தெட்டு நாள் வேறு மருந்து நாக்கில் படக்கூடாது, நடுவில் மண்டலம் முறிந்தால் தின்ற மருந்தே விஷமாகத் திரும்பும். இதெல்லாம் நான் வாசலில் நின்று ஊருக்குச் சொல்லுகிற பேச்சு, என் பெண்ணுக்கும் அதையே சொன்னேன்.

பதினேழாம் நாள் அவள் வாயைத் துடைத்த துணியில் ரத்தம் பார்த்தேன். சூடு அதிகம், மருந்து வேலை செய்கிறது என்றேன். பத்தொன்பதாம் நாள் மாப்பிள்ளை வெங்கடாசலம் வண்டி பூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மாமா, சேலத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிரலாமுங்க, எனக்கு மனசு சரியில்லீங்க என்றார். மண்டலம் முறியக்கூடாது மாப்பிள்ளை, இன்னும் இருபத்தொன்பது நாள் பொறுங்க என்றேன். அவர் மறுபடி கேட்டார். என் பெண்ணை எப்படிப் பார்க்கிறதென்று எனக்குச் சொல்லித்தர வந்தீரா என்று ஒரு வார்த்தை விட்டேன். ஆராயி உள்ளேயிருந்து, அப்பா சொல்றபடியே ஆவட்டுமுங்க என்று அவரிடம் சொன்னாள். மனுஷர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். முப்பத்திமூன்றாம் நாள் விடியக்காலம் அவள் போய்விட்டாள். அப்புறமும் அந்த மனுஷர் என் மேல் ஒரு சொல் சொல்லவில்லை, நம் வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

மாசியில் ஒருவருக்கும் சொல்லாமல் சேலம் போய் ஒரு டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இலை நல்ல இலைதான் பெரியவரே, சளிக்கும் தடுமத்துக்கும் நானே தின்னச் சொல்வேன், ரத்தம் வந்த பிறகு அதை நம்பி உட்கார்ந்திருக்கலாமா, முன்னாலே கூட்டி வந்திருந்தால் பார்த்திருக்கலாமே என்றார். அதற்குப் பிறகு மருந்து கேட்டு யார் வந்தாலும் மூன்று நாளைக்கு மேல் நான் கொடுப்பதில்லை, நாலாம் நாளும் இருமினால் சேலத்துக்குப் போ என்று சொல்லிவிடுகிறேன். கிழவனுக்குக் கைராசி போயிற்று என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். உன் இருமலுக்கு மூன்று நாள் எப்போதோ தாண்டிவிட்டது கண்ணு.

உன் கடிதம் வந்த மறுநாள் தாரமங்கலத்துக்கு நடந்து போனேன். மாப்பிள்ளை கிணற்றடியில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து வாங்க மாமா என்றார். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன், முழுசும் படித்தார். அன்றைக்கு நான் செய்தது பெரிய பிழை, பொறுத்துக்கொள்ளுங்க என்று கேட்டேன், கேட்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்க போவேண்டாம்னுதானுங்க சொன்னீங்க, வண்டியத் திருப்புனது என்ர கைதானுங்களே மாமா என்றார். புறப்படும்போது, செல்லமுத்து சேதி தெரியற வரைக்கும் எனக்கும் தூக்கம் வராதுங்க, பம்பாய்க்குப் போறதா இருந்தா நானும் கூட வாரேனுங்க என்றார்.

அதனால் கேள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போ, மில் டாக்டர் வேண்டாமென்றால் சர்க்கார் ஆசுபத்திரிக்குப் போ, ரத்தம் உண்டா இல்லையா என்பதை மறைக்காமல் அவரிடம் சொல். பேரை அடித்தால் அடிக்கட்டும், இங்கே களி கிண்டிப் போட உன் அம்மாள் இருக்கிறாள், உழ நான் இருக்கிறேன். துப்புவதைச் சாம்பல் போட்ட சட்டியில் துப்பி மூடி வை, கூட இருக்கிறவர்களின் தம்ளரில் குடிக்காதே, ஈரத் தரையில் படுக்காதே. டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுது. பத்து நாளில் பதில் வராவிட்டால் நானும் மாப்பிள்ளையும் ரயில் ஏறிவிடுவோம், சேலம் ஜங்ஷனுக்கு அப்பால் ஒரு ஊரும் நான் பார்த்ததில்லை, ஆனாலும் விசாரித்து வந்து சேருவேன்.

ஆராயி துணியில் ரத்தம் பார்த்ததையும் சேலத்து டாக்டர் சொன்னதையும் உன் அம்மாளிடம் நேற்றுத்தான் சொன்னேன், அதுவரைக்கும் விதி முடிந்துதான் பெண் போனாள் என்று நினைத்திருந்தாள். உலர்த்தி வைத்ததையெல்லாம் அவளே முறத்தில் அள்ளிக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வந்தாள்.

நீ நூறு வயது இருக்க வேண்டும், உன் பிள்ளைகளை நான் பார்க்க வேண்டும், தாயார் மாரியாத்தாள் உன்னைக் கண்ணாகக் காக்க வேண்டும். போகிற காரியத்தை நாளைக்கு என்று தள்ளாதே. டாக்டர் பார்த்துவிட்டு இலையும் தின்னலாம் என்று சொன்னாலும் அங்கேயே யாரிடமாவது வாங்கித் தின்னு, என்னிடம் கேட்காதே. உனக்கு மருந்து கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை சாமி.

இப்படிக்கு
உன் அப்பன்
சென்றாயன்