ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்த மகள்

பாயான் பாரு, பினாங்கு
ஆகஸ்டு 14, வியாழன் காலை

என் அன்பு மகள் சிந்தியாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் இங்கே நன்றாக இருக்கிறோம், லிஃப்ட் கெட்டுப்போகிற நாளில் மட்டும் என் முட்டி தன் வேலையைக் காட்டுகிறது. அங்கே மெல்பர்ன் குளிரில் நீ விறைத்துப் போகாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா திடீரென்று தாளும் பேனாவும் எடுத்துவிட்டாளே, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். பிடித்துத்தான் இருந்தது, இப்போதுதான் கொஞ்சம் இறங்குகிறது. பத்து நாளாக நான் ஏன் வீடியோவில் வரவில்லை என்று நீ கேட்டதற்கு அப்பா, அம்மாவுக்குச் சளி, தொண்டை கட்டிவிட்டது என்றாராம். சளியும் இல்லை கிளியும் இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் விஷயம். நிதானமாக உட்கார்ந்து படி கண்ணு, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

இருபத்தேழு வருஷம் பாயான் லெப்பாஸ் பேக்டரியில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு நின்றவள் உன் அம்மா. உள்ளே போகுமுன் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நீ பள்ளிக்கூடத்தில் விழுந்து பல் உடைந்த அன்றுகூட எனக்கு ரெஸ்ட் நேரத்தில்தான் தெரிந்தது, அந்த ஆதங்கம் எனக்குள் கிடந்திருக்கிறது போல. போன வருஷம் வேலையை விட்டேன், அடுத்த மாதமே நீயும் பறந்துவிட்டாய். அதற்குப் பிறகு பூட்டும் இல்லை சாவியும் இல்லை, போன் கையோடு ஒட்டிக்கொண்டது. காலையில் கண் விழித்ததும் நாற்பது பேருக்குப் பூப் படம் போட்டுக் காலை வணக்கம், பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது மடியில் போன், சம்பால் அடிபிடித்தது இரண்டு முறை. அப்பா எத்தனையோ தடவை சொன்னார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டின காலத்திலகூட எனக்கு இவ்வளவு சத்தம் இல்ல சவுந்தரம், கொஞ்சம் வைலா அத என்று. நான் கேட்டால்தானே. இதெல்லாம் போகட்டும், உன்னை வைத்து நான் செய்ததுதான் பெரிது. பேக்டரியில் ஷிப்ட் மாறும்போது மெஷினை நிறுத்த மாட்டோம், ஓடுகிற மெஷினை அப்படியே அடுத்த ஆள் கையில் விட்டுவிட்டு வெளியே வருவோம். அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு ரைஸ் குக்கரில் சாய்த்து வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போவேன், அப்பா வந்து உன்னோடு கொஞ்சம் பேசுவார், அவர் டிவிக்குப் போனால் நான் வந்து நிற்பேன். ஆள்தான் மாறும், லைன் ஓடிக்கொண்டே இருக்கும். நீ அங்கே சமைப்பாய், துணி மடிப்பாய், நான் இங்கே வெங்காயம் உரிப்பேன், என் மகள் வீட்டிலேயே இருக்கிறாள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஆகஸ்டு மூன்றாம் தேதி ஞாயிறு சாயங்காலமும் அப்படித்தான் நீ ரைஸ் குக்கர் பக்கத்தில் இருந்தாய். போனை மேசையில் போட்டுவிட்டு எங்கேயோ போனாய், எனக்கு உன் வீட்டுக் கூரைதான் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் திரையும் இருட்டாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். இக்கான் பிலிஸ் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிர் வீட்டுப் புஷ்பவள்ளி அக்கா வந்தாள். நான் நைட் ஷிப்ட் போன காலத்தில் உனக்கும் அவள் மகன் லோகேசுக்கும் ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டியவள். வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மீனைக் கிள்ளினாள், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். லோகேசுக்கு ஜூனிலேயே வேலை போய்விட்டதாம், ஆட்களைக் குறைத்ததில் அவனும் ஒருவன். நீ கேட்டது இதுவரைதான். ஆன்ட்டி அழுகிற சத்தம் வந்ததும் உனக்குச் சங்கடமாகி லைனை அறுத்துவிட்டாய் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். வேலை போனதை அவன் அவளிடம் சொல்லவே இல்லை. தினமும் காலை ஆறரைக்குக் கழுத்தில் பேக்டரி அட்டையை மாட்டிக்கொண்டு, அவள் கட்டிக் கொடுக்கிற சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். பேக்டரி பஸ் ஓட்டுகிற இமான் அண்ணன் அவளைப் பசாரில் பார்த்து, உங்க மகன் ஏன் பஸ்ஸுக்கே வர்றதில்ல என்று கேட்கப்போய்த்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தெரியாதவள் மாதிரி ஒரு மாதமாகச் சோறு கட்டிக் கொடுக்கிறாள். அவனா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும் சவுந்தரம், வீட்டுக்குள்ளயாவது அவன் தல நிமிந்து இருக்கட்டும் என்றாள். என் வாயிலிருந்து வராது அக்கா என்று நெற்றியில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தேன்.

என் வாயிலிருந்து வரவில்லைதான். மறுநாள் நீ லோகேசுக்கு, வேலை போச்சாமே, ஆன்ட்டி அம்மாகிட்ட அழுதாங்க, கவலைப்படாதே, இங்கே ஏதாவது பார்க்கிறேன் என்று செய்தி அனுப்பினாய். உன் மனசு எனக்குத் தெரியாதா தங்கம், உடன்பிறப்பு மாதிரி வளர்ந்தவனுக்கு நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய். அவன் அதை எந்த மாமாக் டீக்கடையில் பொழுதைப் போக்கிக்கொண்டு உட்கார்ந்து படித்தானோ, நேரே வீட்டுக்கு வந்து கழுத்து அட்டையைக் கழற்றி மேசையில் போட்டிருக்கிறான். தெரிஞ்சுகிட்டே தினமும் சோறு கட்டிக் குடுத்தியாம்மா, அதுவும் மெல்பர்ன் வரைக்கும் சொல்லிட்டு என்று கேட்டுவிட்டு பட்டர்வொர்த்தில் கூட்டாளி வீட்டுக்குப் போனவன்தான், நாலு நாள் போனும் எடுக்கவில்லை, ஆளும் வரவில்லை. அவன் போன அன்று சாயங்காலமே அக்கா என் வாசலில் வந்து நின்று நடந்ததைச் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஒன்கிட்டதானே பேசினேன் சவுந்தரம் என்று மட்டும் கேட்டுவிட்டு, போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.  பெற்ற வயிறு அங்கே பிள்ளை எங்கே படுத்தானோ என்று எரிகிறது, கொள்ளிக்கட்டையை எடுத்துக் கொடுத்தவள் நான்.

இதைப் படித்துவிட்டு நீ உன்னையே திட்டிக்கொள்ளாதே. தப்பு முழுக்க என்னுடையது, ஓடுகிற லைனை மறந்தவள் நான். ஆனாலும் அம்மா ஒன்று சொல்வேன், கோபிக்காதே. யாராவது நீ இருப்பது தெரியாமல் பேசினால், ஆன்ட்டி, நான் போனில் இருக்கிறேன் என்று உடனே குரல் கொடுத்துவிடு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இருமிக்கொண்டு நுழைவதில்லையா, அது மாதிரிதான். இன்னொன்றும் வெகு நாளாக மனசில் கிடக்கிறது. என்னோடு பேசும்போது உன் கண் அடிக்கடி பக்கத்தில் ஓடும், நான் பேசி முடித்த பிறகு ஒரு நொடி கழித்து ஆமாம்மா என்பாய், வேறு எதையோ படித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, நாளெல்லாம் லைனைத் திறந்து வைத்தால் நீயும் என்னதான் செய்வாய். எனக்கு நாளெல்லாம் பாதி முகம் வேண்டாம்மா, வாரத்தில் அரை மணி நேரம் முழு முகம் போதும்.

வேலையை விட்ட அன்று என் லாக்கர் பூட்டை மட்டும் ஞாபகத்துக்கு என்று கொண்டு வந்தேன், நினைவிருக்கிறதா, நீகூட சிரித்தாயே. இப்போது அது வேலைக்கு வந்துவிட்டது. அப்பாவின் பழைய டூல் பெட்டியைக் காலி செய்து, போனை உள்ளே வைத்து அந்தப் பூட்டைப் போட்டாகிவிட்டது. சாவி அப்பா சட்டைப் பையில். முதல் இரண்டு நாள் கை பரபரவென்றது, கெஞ்சிக் கேட்டேன், ரெஸ்ட் நேரம் ஆகட்டும்லா என்கிறார் மனுஷன், சூப்பர்வைசர் தோற்றார். தினமும் காலையில் வெறுங்கையோடு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன், மன்னிப்புக் கேட்க. திறக்கவில்லை. உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்கும், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை லோகேஸ் வீட்டுக்கு வந்துவிட்டான், அவன் சிலிப்பர் வாசலில் கிடந்ததைப் பார்த்ததும் நான் எங்கள் வாசலில் நின்றபடியே மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஆனாலும் கதவு திறக்கவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் அக்கா தானாகவே வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றுகொண்டு போன் எங்க என்றாள். டூல் பெட்டியைக் காட்டினேன். போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். அது போதாதென்று சமையலறைக்குப் போய் ரைஸ் குக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அவளுக்கும் உதடு துடித்தது. அப்பா மெதுவாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், நான் பாலில்லாமல் தே ஓ கலக்கிக் கொடுத்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். லோகேஸ் வந்து அவளிடம் என்ன சொன்னான், அவள் அவனுக்கு என்ன சொன்னாள், இனி என்ன செய்யப் போகிறார்கள், எல்லாம் சொன்னாள். அது ஒன்றையும் உனக்கு எழுத மாட்டேன். நீயும் கேட்காதே.

லோகேசுக்கு இனி செய்தி அனுப்பாதே கண்ணு. கூப்பிட்டு உன் குரலில் மன்னிப்புக் கேள், எடுக்காவிட்டால் இரண்டு நாள் விட்டு மறுபடியும் கூப்பிடு, வேலை பேச்சை அவனாக எடுக்கிற வரை நீ எடுக்காதே. கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, ராத்திரிச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துவிடாதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் மூடிக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் உனக்குக் கிடைக்கட்டும், நீ எங்கிருந்தாலும் அப்பா அம்மா ஆசீர்வாதம் உன் தலைமேல் இருக்கும். ஞாயிறுதோறும் பூசை முடிந்து பத்து மணிக்கு வீட்டில் இருப்போம், உனக்கு அது பன்னிரண்டு, அப்போது கூப்பிடு. மணி பெட்டிக்குள்ளேதான் அடிக்கும், அப்பா சாவியைத் தேடி எடுத்துத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் வைத்துவிடாதே.

உன் முழு முகத்துக்குக் காத்திருக்கும்
அம்மா
சவுந்தரம் பாக்கியநாதன்