பக்கத்துக் கிணறு

அன்புள்ள அம்மாவுக்கு,

மணிமாறன் எழுதுவது. நான் சுகம், உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே டவர் கிடைக்காததால், ஊருக்கு வரும் லாரியில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஆலைக்கு ஆழ்துளைக் கிணறு போட்டோம். அனுமதி வாங்காமல் போடக்கூடாது என்று அதிகாரி வந்து ரிக் வண்டியை நிறுத்தினார். ஆலைக்காரர் தனியே அழைத்துப் பேசியதும் அதிகாரி ஜீப்பேறிப் போய்விட்டார். வேலையைத் தொடர நான் தயங்கினேன்.

"நமக்கெதுக்கு சாமி அதெல்லாம்? கொழாயை மாட்டு" என்றார் டிரைவர் வெங்கடாசலம் அண்ணன்.

ஆலை மோட்டார் ஓடியதும், பக்கத்துக் குடிசை அக்காவின் கிணற்றில் வாளி வெறும் சேற்றோடு ஏறியது. அவர் திட்டவில்லை. "உங்க ஊரிலும் இப்படித்தானா?" என்று இந்தியில் கேட்டார்.

வேறு கவலையில்லை. நம் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறதென்று எழுதுங்கள். நீங்கள் அரைத்த பருப்புப்பொடி கொஞ்சம் கொடுத்துவிடுங்கள்.

வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்புகிறது. அங்கேயும் அனுமதி வாங்கவில்லையாம்.

மணிமாறன்