மீனுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

இஞ்சாருங்கோ,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. செத்த பிறகு புதிதாகப் பழகவும் மனமில்லை. முப்பது வருஷம் இந்த ஒரு சொல்லுக்குத்தான் திரும்பிப் பார்த்தீர்கள், அதையே எழுதுகிறேன். அன்பும் இதற்குள்தான், ஆத்திரமும் இதற்குள்தான். இன்றைக்கு ஆத்திரம் கொஞ்சம் கூட.

சேமக்காலைக்கு வந்து உங்களோடு நேரே சண்டை பிடிக்கலாம் என்றுதான் பின்னேரம் புறப்பட்டேன். பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்தவர்கள் அங்கே நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் செத்த மனிசனைப் பேசினால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? திரும்பி வந்துவிட்டேன். பங்கு மலருக்கு யாராவது ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சுவாமி ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறார். இதைக் கொடுக்கப் போகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் முடிகிறது. சின்னவள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. மூத்தவள் வட்டக்கச்சியில் வயலோடு மாரடிக்கிறாள். உங்கள் கரைவலை என் தலையில் கிடக்கிறது. பொம்பிளை சம்மாட்டி என்று சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை. வலையும் வள்ளமும் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் சம்மாட்டிதானே. சில இடங்களில் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து வலை இழுக்கிறார்கள். நமக்கு இன்னும் கைதான். நீங்கள் சேர்த்துவிட்டுப் போன பதினாலு பேர் இழுத்தால் வலை கரைக்கு வரும். அவர்கள் போய்விட்டால் அது வெறும் கயிற்றுக் குவியல்.

அந்தப் பதினாலு பேரில் எத்தனை பேர் என்னோடு நிற்பார்கள் என்பதுதான் இப்போது பிரச்சினை. அதற்குக் காரணம் நீங்கள்.

சனி பொழுதுபட்டால் வலை காயப் போட்டது போட்டபடி. திங்கள் விடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது. நம்முடைய கோயில் ஆட்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து, கரையில் வலை வைக்கிற வாடிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, மத்தியானம்வரை கடலைப் பார்த்தபடி இருப்பீர்கள். "என்னப்பா செய்யிறியள்?" என்று கேட்டால் "சும்மா இருக்கிறன். கட்டளை" என்பீர்கள். கட்டளை உங்களுக்குத்தான். எனக்கு அன்றைக்குத்தான் குசினியில் இரட்டை வேலை, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. கடவுள் ஆறு நாள் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்தார் என்று சுவாமி பிரசங்கம் வைக்கும்போதெல்லாம், அன்றைக்கு அவருக்கு யார் சமைத்தது என்று நான் யோசிப்பதுண்டு.

நீங்கள் போன பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. உங்கள் வலை, உங்கள் சட்டம் என்று இருந்துவிட்டேன்.

இந்த வருஷம் கடல் எங்களைப் படாத பாடு படுத்துகிறது. மூன்று கிழமை வலை நிறையச் சொறிமீனும் பாசியும்தான். சொறி பட்டுப் பட்டு ஆட்களின் கை முழங்கைவரை தடித்துப்போய்க் கிடந்தது. ஒருவன் வீட்டில் பிள்ளைகளை இரண்டு நேரச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மாரி தொடங்கினால் கரைவலையும் முடிந்தது. அதற்குள் நாலு நல்ல பாடு மீன் கிடைக்காவிட்டால் அந்த வீடுகள் என்ன செய்யும்?

இப்படி இருக்கும்போதுதான் சுவாமிக்குப் போன ஞாயிறு வேறு பங்கில் திருநாள் வந்தது. எங்களுக்கு ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை பின்னேரமே வைத்துவிட்டுப் போனார். எல்லாரும் போய்க் கண்டோம். அதில்தான் வினை.

ஞாயிறு விடியக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உங்கள் அந்தோனி ஓடி வந்தான். வள்ளத்தில் நின்று வலையை எங்கே விடுவது என்று சொல்லுகிற மண்டாடி அவன், உங்களுக்குத் தெரியாததா. மூச்சு வாங்கியது.

"அக்கா, கீரிமீன்! தண்ணி கறுத்துக் கிடக்கு. எங்கட வலை விடுற இடத்துக்கு நேர. வந்து பாருங்கோ."

"இண்டைக்கு ஞாயிறு."

"நேற்றுப் பின்னேரம் பூசை கண்டிட்டம்தானே. ஞாயிறு நேற்றே முடிஞ்சுது. இண்டைக்கு எங்களுக்குத் திங்கள் மாதிரித்தான்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் திங்கள்தான்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வேதக்காரருக்குத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு நியாயம் வாய்க்கும்? துருவலை அப்படியே போட்டுவிட்டு அவனோடு கரைக்குப் போனேன். பதினாலு பேரும் நின்றார்கள். எல்லாருடைய கண்ணும் என் வாயில் இருந்தது. நான் வழக்கம்போல உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அவர் இருந்திருந்தா இந்தக் கதை கதைப்பியளோ?" என்றேன்.

அந்தோனி மணலைக் காலால் கிளறினான். பிறகு சொன்னான்:

"அவரும் ஒருக்கா போட்டவர்தான், அக்கா."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"சண்டை முடிஞ்சு முகாமால திரும்பி வந்த வருஷம். நீங்கள் சின்னவளோட வவுனியா ஆசுப்பத்திரியில இருந்தனீங்கள். அண்ணை, நான், இன்னும் ரெண்டு மூண்டு பேர், சின்ன வலை. வள்ளம் நிறையக் கீரி. உங்களிட்டச் சொல்லக்கூடாதெண்டு எங்களிட்டச் சத்தியம் வாங்கினவர்."

அந்தக் கிழமை எனக்கு மறக்குமா? காய்ச்சலில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தாள். நீங்கள் தோடம்பழமும் பால்மாப் பெட்டியும் புதுச் சட்டையும் கொண்டு வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையை நினைத்து அழுதிருக்கிறீர்கள் என்று நான் இரக்கப்பட்டேன். "ஞாயிறு பூசைக்குப் போனீங்களோ?" என்று கேட்டதற்கு "ஓம்" என்றீர்கள். அந்த ஓமை இத்தனை வருஷம் நம்பி வாழ்ந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? நான் உங்களைத் தின்றா விடுவேன்?

வந்த கோபத்தில் கத்தினேன்: "போடுங்கோ! போய்ப் போடுங்கோ! அவருக்கு இல்லாத ஞாயிறு எனக்கென்ன?"

சொல்லி வாய் மூடவில்லை, வலைக்கு ஓடினார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு அவர்கள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். நான் போய் உங்கள் கதிரையில் தொப்பென்று இருந்தேன்.

இருந்து கடலைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

சொன்னால் நம்பமாட்டீர்கள், இத்தனை வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கடலை நான் பார்த்ததே இல்லை. மற்ற நாளில் பார்ப்பது காற்றையும் நீரோட்டத்தையும்தான், வலை எங்கே வருகிறது என்றுதான். அன்றைக்குக் கோபத்தில் எனக்கு வலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று இருந்தபடியால் கண் சும்மா இருந்தது. முகில் நிழல் போல அந்தக் கறுப்பு அப்படியே நகர்ந்தது, திரும்பியது, பிளந்து மறுபடி சேர்ந்தது. எத்தனை ஆயிரம் உயிர், ஒன்று திரும்ப எல்லாம் திரும்புகிறது. மேலே ஆலாப் பறவைகள் விழுந்து விழுந்து எழும்பின. வெயில் பட்ட இடமெல்லாம் வெள்ளி. அவை நமக்காக வந்தவை போலத் தெரியவில்லை. நாம் இந்தக் கரைக்கு வர முந்தியும் இப்படித்தான் வந்திருக்கும். யார் இவற்றுக்குச் சாப்பாடு போடுகிறார்? யார் திரும்பச் சொல்கிறார்?

அழகு என்று மட்டும் நினைத்து மயங்குகிற ஆள் நானில்லை. சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு அந்தக் கடல் நமக்கு ஓய்வுநாள் பார்த்ததா? என் அக்காவையும் அவளுடைய பிள்ளைகளையும் கொண்டுபோனது இதே தண்ணீர்தான். அது எனக்கு விளங்கவில்லை, இனியும் விளங்காது, விளங்கியதாக யாராவது வந்து சொன்னால் அவருக்கு என் வாயால் நல்லாய்க் கிடைக்கும். ஆனால் இவ்வளவையும் உண்டாக்கினவர் சின்ன ஆளில்லை. அது மட்டும் அன்றைக்கு என் நெஞ்சில் வந்து இடித்தது. வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் வந்தால் கதிரையை விட்டு எழும்புவோமே, பார்த்தால் நான் எழும்பி நிற்கிறேன்.

வள்ளம் தண்ணீரில் இறங்கிவிட்டது. நான் சீலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நிப்பாட்டுங்கோ! வேண்டாம்! நிப்பாட்டுங்கோ!"

அந்தோனியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அக்கா, உங்களுக்கு என்ன பிடிச்சது? இப்பதானே போடச் சொன்னனீங்கள்?"

"இப்ப வேண்டாமெண்டுறன்."

"ஏன்?"

"கடலைப் பார்த்தனான்."

"நாங்கள் கடலை ஒருநாளும் காணேல்லையோ?"

ஒருவன் கயிற்றை மணலில் எறிந்துவிட்டு, பொம்பிளையை நம்பினால் இதுதான் என்று என் காதில் விழச் சொல்லிக்கொண்டு போனான். அவனோடு இன்னும் நாலு பேர். வடக்குப் பக்கம் ஞாயிறும் போடுகிற ஒரு வலையில் இப்போது இழுக்கிறார்கள். மீன் ஒரு மணித்தியாலம் நின்று விளையாடிவிட்டுப் போனது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா, திங்கட்கிழமை தெரியுமா!

திங்கள் விடிய மிஞ்சியவர்களோடு வலை போட்டேன். சொறி. உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்று. அந்தோனி கையைச் சொறிந்துகொண்டே கேட்டான்: "ஞாயிறு விட்டதைத் திங்கள் தருவாரெண்டு நினைச்சனீங்களோ?"

"நினைச்சனான்" என்றேன். பொய் சொல்ல நான் நீங்களில்லை.

சுவாமி திரும்பி வந்ததும் போய்க் கேட்டேன், சனிப் பூசை கண்டால் ஞாயிறு முடிந்துவிடுமா என்று. "பூசைக் கடன் முடிஞ்சுது அக்கா, நாள் முடியேல்லை" என்று சிரித்தார். உங்கள் கதையையும் சொன்னேன், யாரோ ஒருவர் என்று. அவர் சிரிப்பை விட்டுவிட்டார். "பிள்ளை சாகக் கிடக்கேக்க ஒருத்தர் வலை போட்டா, அதைப் பாவமெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். மூத்தவளும் தொலைபேசியில் அதைத்தான் சொல்கிறாள்: "இஞ்ச வயலுக்குத் தண்ணி முறை ஞாயிறு வந்தா ஞாயிறுதானம்மா. என்ர மனிசன் விடியப் பூசைக்குப் போயிட்டு வந்து வாய்க்காலுக்குப் போறார். கடவுள் கோவிக்கிறாரோ?"

அப்படியென்றால் நீங்கள் பாவமே செய்யவில்லையாம். பிறகு எதற்கு அந்தச் சத்தியம்? எதற்கு அந்தப் பொய்? அதற்குப் பிறகு வந்த ஞாயிறெல்லாம் அந்தக் கதிரையில் அசையாமல் இருந்தீர்களே, அது வெட்கமா, நன்றியா? பிள்ளை பிழைத்ததற்குக் கடவுளோடு ஏதாவது பேசி வைத்திருந்தீர்களா? இல்லை, நான் அன்றைக்குக் கண்டதை நீங்கள் எப்போதோ கண்டுவிட்டீர்களா? கண்டிருந்தால் குசினியில் நின்ற என்னை ஒருநாள் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமே. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கோபம்.

இன்று சனிக்கிழமை. பின்னேரம் அந்தோனி மறுபடி வந்தான். மீன் திரும்பவும் தெரிகிறதாம்.

"நாளைக்குப் போடாட்டி இன்னும் நாலு பேர் போவினம், அக்கா."

"தெரியும்."

"அண்ணைக்காகவோ இந்தப் பிடிவாதம்?"

"அண்ணையின்ர கதையை விடு."

"அப்ப ஆருக்காக?"

"அதுகளைக் கடலுக்குள்ள விட்டவருக்காக."

அவன் தலையைச் சொறிந்தான். படலைவரை போய்த் திரும்பி நின்று, "மற்றவையை எனக்குத் தெரியாது. நான் திங்கள் வாறன்" என்றான். கோபமாகத்தான் சொன்னான்.

அவன் போன பிறகு படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எத்தனை பேர் மிஞ்சுவார்கள், தெரியாது. உங்கள் வலை இந்த மாரியோடு முடியவும் கூடும், அதற்கும் எனக்குப் பயம்தான்.

ஆனாலும் கேளுங்கள். யாருடைய வீட்டிலாவது பிள்ளை சாகக் கிடந்தால் என் கையாலேயே வலையைத் தூக்கிக் கொடுப்பேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை இந்த வலை கடலில் இறங்காது. இதை உங்களுக்குத் தருகிற வாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருஷம் உங்களுக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து பிடித்த ஞாயிறு அன்றைக்குக் கரையில் என் கோபத்தோடு போய்விட்டது. இது புதிசு. வாக்கை அவரிடம் கொடுத்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஒரு ஞாயிறை அவர் எப்போதோ மன்னித்திருப்பார். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும். பொறுத்திருங்கோ.

உங்கட மனிசி,
றீற்றா