ஹெர்மினா அம்மாளின் மூன்றாம் பகுதி

ப்ரனோ,
பிப்ரவரி, புதன்கிழமை காலை

அன்புள்ள லூபோருக்கு,

யித்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் யோக்கியதை உன் மனைவிக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா? உன் தங்கை அலெனா போடுவதைச் சாப்பிடுகிறாயா? உன் கைப்பேசி சனிக்கிழமையிலிருந்து அணைந்து கிடக்கிறது, அதனால்தான் கடிதம். நம் குழுவின் இவேட்டா தன் வயோலாவைப் போட்டுவிட்டு இதைக் கையோடு கொண்டு வருகிறாள். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

பூனைக்கு என் மேல் கோபம். உன் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நாம் பதிவு செய்யும் தேவாலயத்தில் அதே குளிர். திங்கட்கிழமை கூரை வேலைக்குச் சாரம் கட்டுகிறார்களாம், பிறகு கோடை முடியும்வரை அங்கே ஒரு சுரம்கூட வாசிக்க முடியாது. வெள்ளி மாலைவரைதான் ஃபாதர் சாவியைக் கொடுத்திருக்கிறார். ஹெர்மினா அம்மாள் எழுதிய நால்வர் இசை நூறு வருஷம் பெட்டியில் தூங்கியது. இரண்டு குளிர்காலம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்தக் கோழிக்கிறுக்கலைப் பிரதி எடுத்தவன் நீ. முதல், இரண்டு, நான்கு பதிவாகிவிட்டன. மெதுவான மூன்றாம் பகுதி மட்டும் பாக்கி.

போஹுஷ் உனக்குப் பதில் வேறு செல்லோக்காரனைக் கூப்பிடலாம் என்கிறான். "ஓலோமோட்ஸ்ல ஒருத்தன் சும்மாதான் இருக்கான், நாளைக்கே வந்துடுவான்" என்றான். அப்படி வந்தால் நான்கு பகுதியையும் அவனோடு புதிதாக வாசிக்க வேண்டும். நீ வாசித்ததெல்லாம் குப்பைக்குப் போகும். "இன்னொரு தடவை அவன் பேச்சை எடுத்தே, வில்லாலயே சாத்துவேன்" என்றேன். முதல் வயலின்காரனிடம் இரண்டாம் வயலின்காரி பேசுகிற பேச்சா இது என்று கேட்காதே. பேசிவிட்டேன்.

இந்தப் பாழாய்ப்போன வாய்தானே சனிக்கிழமையும் பேசியது. நான்காம் பகுதியின் வேகத்தில் நீ தடுமாறியபோது எல்லார் முன்னாலும், "பயிற்சி பண்ணாம வந்து ஏன் எங்க உயிரை வாங்கறே? நேத்து பிளம் சாராயத்தையாவது குறைச்சிருக்கலாம்ல" என்றேன். ஏழாவது தடவை சரியாக வாசித்தாய்.

பிறகு வீத் வழக்கம்போல் ஒரு நிமிஷ அமைதியைப் பதிவு செய்தான். வெட்டி ஒட்டும் இடங்களை மூட, யாரும் வாசிக்காத வெறும் கட்டடத்தின் அமைதி அவனுக்கு வேண்டும். நால்வரும் வாத்தியத்தைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்தோம். டொக், டொக் என்று ஒரு சத்தம். வீத் வெப்பக் குழாயை அடைத்தான். கோபுரக் கடிகாரத்தை நிறுத்த வைத்தான். என் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக் காரில் போட்டுவிட்டு வந்தான். மறுபடியும் டொக், டொக். "எந்த மரங்கொத்திடா உள்ள வந்தது?" என்று கத்தினான். நாங்கள் சிரித்தோம். நீ செல்லோவை நாற்காலியில் சாய்த்துவிட்டு, கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனாய். பேருந்து ஏறி ஸ்நாய்மோவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய் என்று அலெனா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று வீத் என்னைக் கூப்பிட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டான். அந்தச் சத்தம் உன் முன்னால் இருந்த மைக்கில்தான் பலமாக இருந்தது. மரத்தின் மேல் விரல். கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனி. ஒரே சீராக, நிற்கவே இல்லை. லூபோர், அது உன் இடது கை.

எத்தனை நாளாக? சாப்பிடும்போது அந்தக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாயே, அப்போதிருந்தா? சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும் என்று கொஞ்சினாய், கிழவனுக்கு ஆசை வந்துவிட்டது என்று கேலி செய்தேன். ஐயோ, இருபத்தாறு வருஷம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தவள் நான்! உன் மூச்சைக் கேட்டே நீ எப்போது வில்லெடுப்பாய் என்று சொல்லிவிடுவேன். ஒரு மைக்குக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. டாக்டர் என்ன பெயர் சொல்வார் என்று நம் இருவருக்கும் தெரியும், உன் அப்பாவுக்கு இருந்த அதே நடுக்க நோய்தானே. அவருக்குக் கரண்டியில் சூப் ஊட்டியவள் நான். என்னிடம் ஏன்டா மறைத்தாய்?

இப்போது மூன்றாம் பகுதியை எடுத்துப் பார். செல்லோவுக்கு முழுக்க வெறும் கம்பி. இடது விரல் ஒன்றுகூட வைக்க வேண்டாம், வில்லை இழுத்தால் போதும். "அம்மாளுக்குச் செல்லோன்னா என்னன்னே தெரியாது. இதை என் செல்லோ தனியாவே வாசிச்சிடும், நான் போய் ஒரு பியர் அடிச்சிட்டு வர்றேன்" என்று நீதானே சொன்னாய்? ஏன் அப்படி எழுதினாள் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. உன் வலது கை நன்றாக இருக்கிறது. இடது கையை மடியில் போட்டுக்கொள். "டொக்கு கேட்டா கேட்கட்டும் யித்கா, அவர் வந்தா போதும்" என்கிறான் வீத். போஹுஷ்கூட வெள்ளிவரை பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

எழுதவே கை வராத ஒன்று இருக்கிறது. "அண்ணன் தினம் காலைல அணைக்குப் போறார் அண்ணி. சுவரைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியையே பார்த்துட்டு நிக்கிறார். கேட்டா, சும்மா நடக்கப் போனேங்கிறார்" என்றாள் அலெனா. எதிர்க்கடையில் பால் வாங்கக் காரை எடுக்கிற மனிதன் நீ. நானே வந்தால் கதவைத் திறக்க மாட்டாய் என்றுதான் இவேட்டாவை அனுப்புகிறேன். அவள் வாசலிலேயே நிற்பாள். உன் சாம்பல் நிறக் கோட்டு அவள் காரின் பின்சீட்டில் இருக்கிறது.

செல்லோவை வீட்டுக்குக் கொண்டு வந்து முன்னறையில் வைத்திருக்கிறேன். நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது தனியாக வாசிக்கிற மாதிரி தெரியவில்லை.

அணைப் பக்கம் போகாதே, பனி வழுக்கும். மாதா உன்னைக் கைவிட மாட்டாள். காரில் ஏறு, லூபோர்.

உன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடக் காத்திருக்கும்,
யித்கா