படத்தில் இருந்த விரல்

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை மட்டும் உன் வாயால் கேட்டு நம்புகிற நிலையில் நான் இல்லை. அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை, அக்கா புது வேலையில் சேர்ந்துவிட்டாள், என் தையல் கடையில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஓட்டப் பயிற்சிக்கு மலை முகாமுக்குப் போனதிலிருந்து விரலில் மாட்டுகிற அந்த ஆக்சிஜன் கருவியைப் படமெடுத்து அனுப்புகிறாய், உன் அப்பா அதைப் பரீட்சை மார்க் போலப் பார்த்து, "தொண்ணூத்திரண்டு! கணக்குல கூட இவ இவ்ளோ வாங்கினதில்ல" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். நானும் சிரித்தேன். இன்று காலைதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்து விரல் நகத்தையும் கடித்துத் துப்புகிறவள் நீ, கருவிக்குப் பக்கத்து விரல்களில் நீள நீளமாக நகம். யார் கையடி அது?

உனக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, உன் அறைத்தோழிக்குப் போட்டேன். பாவம், அழுதேவிட்டாள். "ஓடி வந்ததும் அவளுக்கு எழுபதுக்குக் கீழ போகுதும்மா. படுத்தா இருமல், உக்காந்தே தூங்குறா. கோச்சுக்குத் தெரிஞ்சா போட்டியில சேக்க மாட்டாங்கன்னு என் விரலைக் கடன் வாங்கினா" என்றாள்.

போட்டது போட்டபடி டாக்டரம்மாவிடம் ஓடினேன். மலை மேல் காற்றில் அழுத்தம் குறைவாம், சும்மா இருந்தால் வேகமாக மூச்சு விட்டு உடம்பு சமாளித்துக்கொள்ளுமாம். ஓடினால் கால் தசை ஆக்சிஜன் கேட்கும், இதயம் ரத்தத்தை விரட்டும், அந்த வேகத்தில் நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ள நேரம் போதாதாம். சரியாக நிற்காமல் போகிற பஸ்ஸில் ஆள் எப்படி ஏறுவான், அந்தக் கதைதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற சிவப்பணு கூடி உடம்பு பழக வாரக்கணக்கில் பொறுக்க வேண்டுமாம், உனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். இருமலைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கலாம். ஆக்சிஜன் வச்சு உடனே கீழ இறக்கச் சொல்லுங்க" என்றார்.

உன் கோச்சிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு உன்னை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். மாமா பைக்கில் இந்தக் கடிதத்தோடு முன்னால் வருகிறார், நானும் அப்பாவும் பஸ்ஸில் பின்னால் வருகிறோம். உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன், எழுதினால்தான் எனக்குத் திட்ட வரும்.

நூறு வயசு நன்றாக இரு. டாக்டர் சொல்லும்வரை கட்டிலை விட்டு இறங்காதே. போட்டி கைவிட்டுப் போயிற்று, அது என்னால்தான். நான் வந்ததும் கத்து, வாய்க்கு வந்தபடி திட்டு. கத்துகிற அளவுக்கு உனக்கு மூச்சு இருந்தால் எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உன்னைக் காட்டிக்கொடுத்த அம்மா